களி தின்பது இழிவா?

உணவைப் பற்றி எழுதப் போகிறோம். சமையற் குறிப்பு என்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா, தோழர்களே! உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அளந்து சொல்லும் ஆற்றல் நமக்கில்லை. இருந்தாலும் அதற்கு இவ்வேடு இடந்தராது. ஆனால் ஒன்று கேட்கிறோம். சீர்திருத்தம் மேடையில் மட்டுமா நடைபெறுகிறது? அடுப்பங்கரைக்கு அதில் பங்கில்லையா? யார் முதலில் உண்பது, யார் மிச்சத்தை உண்பது, எதை உண்டால் மதிப்பு, எதை உண்டால் நகைப்பு என்று வகுத்து வைத்தது எந்தச் சட்டமன்றம்? எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. வழக்கம் வகுத்தது. வகுத்த வழக்கத்தை வாய்திறவாமல் விழுங்கி வருகிறோம், சோற்றோடு சேர்த்து.

பள்ளிக்கூடத்துப் பந்தியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1920-ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது கணக்கு. ஓரணா! அந்த ஓரணாவும் சில ஆண்டுகளிலேயே ஆங்கில ஆட்சியின் செலவுக் கணக்கைக் கண்டு நடுங்கி நின்றுபோயிற்று. அதே காலத்தில், சேரன்மாதேவிக் குருகுலத்திலே, நாட்டுப்பற்றை ஊட்டுவதாகச் சொன்ன இடத்திலே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி போட்டனர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்தனர். தமிழ்நாடே இரண்டுபட்டு வழக்காடியது. ஒரு புறம் பசிக்கு உணவு தேடிய பள்ளி. மறுபுறம் உணவிலும் சாதி தேடிய பள்ளி. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நம் பாட்டன்மார் எழுத்துக் கற்றனர்.

பிறகு வந்தன மாற்றங்கள். 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-இல் கலைஞர் ஆட்சியில் தட்டிலே முட்டை, 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலையுணவு. ஒரே வரிசையில், ஒரே அடுப்பில் வெந்ததை, எல்லாப் பிள்ளைகளும் உண்கின்றனர். நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டோம். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில், ஆதித்திராவிடப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளிச் சமையலையே எதிர்த்து நின்றனர் சிலர். ஆயினும், “யாரோடு உண்பது?” என்னும் பழைய கேள்விக்குப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் பெரும்பாலும் விடை கூறிவிட்டது. “எதை உண்பது?” என்னும் கேள்விதான் இன்று நம் முன் நிற்கிறது. அதிலும் ஒளிந்திருக்கிறது அதே உயர்வு தாழ்வு.

வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, தருமபுரி மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறோம். ஊரின் பெயர் வேண்டா. ஒருபுறம் மாந்தோப்பு, மறுபுறம் தக்காளித் தோட்டம், எஞ்சியதெல்லாம் மானாவாரிப் புன்செய். மழை பெய்தால் கேழ்வரகு, சாமை, கொள்ளு. பெய்யாவிட்டால் பெங்களூருக்குப் பேருந்து. இதுதான் எங்கள் ஊரின் பொருளாதாரப் பாடம், நூலில் இராது.

2024-ஆம் ஆண்டு ஒரு நாள், மண்ணும் பயிரும் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன், நேற்றிரவு வீட்டில் உண்டது என்ன என்று எழுதுமாறு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். தாள்களைத் தொகுத்துப் பார்த்தோம். சோறு, சாம்பார். சோறு, இரசம். பரோட்டா என்று நால்வர். பிரியாணி என்று எழுதியிருந்தான் ஒருவன், புதன்கிழமை இரவில்! களி என்று எழுதியவர் ஒருவருமில்லை. முந்திய மாலை அதே தெருக்களின் வழியாகத்தானே நடந்து வந்தோம். வீட்டுக்கு வீடு பானையை இரு காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்த தாய்மாரைக் கண்டோமே! பிரியாணி எழுதியவனைத் தனியே அழைத்துக் கேட்டோம். தலை குனிந்தான். “களின்னு எழுதினா சிரிப்பாங்க டீச்சர்” என்றான்.

சிரிப்பவர் யார்? களி தின்னும் வீட்டுப் பிள்ளைகளே! அதுதான் வேடிக்கை, அதுதான் வேதனையும்.

இந்த நகைப்பு எங்கிருந்து வந்தது? ஆற்றுப் பாய்ச்சல் உள்ள இடத்தில் நெல். அந்நிலம் யாரிடம் இருந்தது? கோயிலிடமும் பெருநிலக்கிழாரிடமும். புன்செய்ச் சீமையில் கேழ்வரகும் கம்பும் சாமையும். அந்நிலத்தில் உழைத்தவன் யார்? உழைத்தவன் மட்டுமே. ஆகவே, நெல்லுச்சோறு உடையவன் உணவாயிற்று. களி இல்லாதவன் உணவாயிற்று. நம் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம்: அவருடைய இளமையில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டில் அரிசி வேகும், விருந்தாளி வந்தால் அவருக்குச் சோறு, வீட்டாருக்குக் களி. விருந்தாளி போன பிறகு சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளுக்குப் பிள்ளைகள் சண்டையிட்டனராம். அப்படி ஏங்கிய தலைமுறை, அரிசி கைக்கு எட்டியதும் களியை இறக்கி வைத்தது என்றால் அதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை.

2008-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. 2011-இல் விலையின்றியே அரிசி. நியாயவிலைக் கடையின் அந்த மூட்டை, எத்தனை குடிசைகளில் அடுப்பை அணையாமல் காத்தது! அதனைப் பழிப்பவர் பசியறியாதவர். நாம் பழிக்கவில்லை. ஆனால் அரிசியே உணவு, அரிசி மட்டுமே உணவு, மூன்று வேளையும் அரிசி, அதுவும் வெள்ளை வெளேரென்று தீட்டியது என்று ஆகிவிட்டதே, அதைத்தான் கேட்கிறோம்.

தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கிறது; வெளுக்க வெளுக்கச் சத்து தவிட்டோடு போகிறது. இது பாட்டிக் கதையன்று. சாவகத் தீவிலே பணியாற்றிய ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழக் கண்டார். தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை தேறக் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே பெரிபெரி நோயை ஆராயத்தான் 1918-இல் நம் குன்னூரிலே, பாஸ்டர் ஆய்வுக்கூடத்தின் ஓர் அறையில், சிறியதோர் ஆய்வுப் பிரிவு தொடங்கிற்று. அதுவே வளர்ந்து, ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கினால் தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும் கண்டறியப்பட்டது. நம் வீட்டுப் பெண்கள் ஏட்டறிவின்றியே புழுங்கலைக் கையாண்டனர். அப்படி அரிசிக்குள் இறங்கியதையும் கஞ்சியாக வடித்துக் கழனித்தொட்டியில் ஊற்றிவிட்டுச் சக்கையை உண்பது என்ன அறிவு? அளவாக நீர் வைத்து வடிக்காமல் ஆக்கலாம். வடித்தால் அக்கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம்.

கேழ்வரகைப் பாருங்கள். நூறு கிராமில் சுண்ணச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவு. எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைக்கு எது வேண்டும்? நெல் கேட்கும் நீரைக் கேழ்வரகு கேட்பதில்லை. ஒரு கிலோ அரிசி விளையச் சில ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். நீர் தேங்கி நிற்கும் வயலிலிருந்து எழும் மீத்தேன் காற்று, புவியைச் சூடாக்கும் காற்றுகளில் ஒன்று. கிணறு வற்றிய ஊரில் நின்று, ஆழ்துளைக் கிணற்றை ஆயிரம் அடிக்கு இறக்கும் வழி தேடுவதைவிட, நாலு மழையில் விளைவதை வாரத்தில் நாலு வேளை உண்பது எளிதன்றோ? ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். நல்ல தொடக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. “முன்னோர் உண்டனர், ஆதலால் நன்று” என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. முன்னோர் உண்டதெல்லாம் அமுதமென்றால், 1876 முதல் 1878 வரை தாதுப் பஞ்சத்தில் இலட்சம் இலட்சமாய் மாண்டவர் யார்? அவரும் முன்னோர்தாம். பழமை என்பதற்காக ஏற்பதும் தவறு. பழமை என்பதற்காக எள்ளுவதும் தவறு. ஆராய்ந்து கொள்வதே பகுத்தறிவு. அந்தக் கூட்டத்தினர் களியைப் புகழும்போது ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அக்காலத்தில் விடியற்காலை எழுந்து திருகையைச் சுற்றியவள் பெண், சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்தியவள் பெண். நகரத்திலே குளிரூட்டிய கடையில் அட்டைப் பெட்டிக்குள் சிறுதானியம் மின்னுகிறது. எங்கள் ஊர் உழவன் விற்ற விலைக்கும் அந்தப் பெட்டியின் விலைக்கும் இடையே ஒரு மலையே நிற்கிறது. அதனை வாங்கி உண்பவர், “ஆகா, பாட்டியின் கைப்பக்குவம்!” என்கிறார். பாட்டியின் தோள்வலியை யார் எண்ணினார்? அரைவை இயந்திரம் வந்தது பெண்ணுக்கு விடுதலை. அதனை விட்டுத் திருகைக்குத் திரும்பச் சொல்லும் எந்த உணவுச் சீர்திருத்தமும் நமக்கு வேண்டா.

இனி, இவ்வளவும் ஏன் எழுத நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

அவ்வாண்டு கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, காலை வணக்கக் கூட்டத்தில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்து, நிழலில் கிடத்தி, சர்க்கரைக் கரைசல் கொடுத்தபின் கண் விழித்தாள். காலையில் என்ன உண்டாய் என்றால் விடையில்லை. அவளுடைய தம்பி மூன்றாம் வகுப்பு. அவன் சற்று முன்தான் பள்ளியிலே பொங்கலும் சாம்பாரும் உண்டிருந்தான். அவனை அழைத்து வந்து பந்தியில் உட்கார்த்தி, உண்டு முடிக்கும்வரை தூணோரம் நின்றவள் இவள். அப்போது காலையுணவு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பசித்த வயிறு ஆறாம் வகுப்பில் பசிக்காதோ? அரசை ஏசுவதற்காகக் கேட்கவில்லை. இத்தகைய திட்டத்தைத் தொடங்கிய அரசிடம், இன்னும் மூன்று படி ஏறுமாறு கேட்கும் உரிமை நமக்குண்டு.

அன்று மாலை அவள் வீட்டுக்குச் சென்றோம். தாய் தக்காளி பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஆறு மணிக்கெல்லாம் வண்டி வந்து ஏற்றிச் செல்லுமாம்.

“காலையில ஏதாவது குடுத்து அனுப்பக்கூடாதாம்மா?” என்றோம்.

“குடுக்காம இருப்பனா டீச்சரம்மா? ராத்திரிக் களி உருண்டை தண்ணியில கெடக்குது. மோர் ஊத்திக் கரைச்சுக் குடிச்சா மத்தியானம் வரைக்கும் தாங்கும். தொடமாட்டேங்கறா. கூடப் படிக்கறவங்க கேலி பண்றாங்களாம். பத்து ரூபா குடுன்னு கேக்கறா. குடுத்தா அந்தக் காத்தடைச்ச பொட்டலத்த வாங்கித் தின்னுட்டு நிக்கறா.”

பானையை எட்டிப் பார்த்தோம். நீரில் இரண்டு உருண்டை களி கிடந்தது. வீட்டில் உணவு இருந்தது. பிள்ளை பட்டினி கிடந்தாள். இல்லாமையால் வந்த பட்டினியன்று இது. இழிவு என்னும் எண்ணத்தால் வந்த பட்டினி. பிரியாணி என்று எழுதிய சிறுவனின் பொய்யைக் கண்டு நகைத்துவிட்டுப் போகலாம். இதைக் கண்டு நகைக்க முடியுமா?

இன்னொன்றும் கண்டோம். தாயின் கண்ணிமையின் உட்புறமும் நகங்களும் வெளுத்திருந்தன. “நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?” என்றோம். “எல்லாரும் தின்னப்புறம் இருந்தா” என்றார், இயல்பாக. இருந்தால்! 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுடையோர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். கல்வியில் முன்னேறினோம், தொழிலில் முன்னேறினோம் என்று பேசும் நாட்டில், இரண்டு பெண்களுள் ஒருத்தியின் குருதியில் வலுவில்லை. இரும்புச் சத்து மாத்திரை வேண்டும். அதனோடு பந்தியும் மாறவேண்டும். சமைத்தவள் கடைசியில் உண்பாள் என்பது என்ன நீதி? குழம்பில் கிடந்த மீன் ஆணுக்கு, குழம்பு பிள்ளைக்கு, சட்டியைத் துடைத்த சோறு பெண்ணுக்கு! குடும்பத்தார் எல்லாரும் ஒரே நேரத்தில் வட்டமாய் அமர்ந்து, இருப்பதைப் பகிர்ந்து உண்டால், பற்றாக்குறை என்பது முதலில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இப்போது அது ஒருத்தியின் வயிற்றுக்கு மட்டுமே தெரிகிறது.

கீரையை இரவில் உண்ணலாகாது என்கின்றனர். பகலெல்லாம் கூலிக்கு நிற்பவள், இரவிலன்றி எப்போது கீரை ஆய்வாள்? வீட்டு வாசலில் முருங்கை நிற்கிறது. “வேதாளம் குடியிருக்கும்” என்று அதன் மேல் பழி வேறு! வேதாளம் இருந்தால் அதற்கேனும் இரத்தச் சோகை இராது. முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து, ஒரு துண்டு எலுமிச்சையைப் பிழிந்து உண்டால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். உண்ட கையோடு தேநீர் குடித்தால் சேர வேண்டியதும் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் இன்னும் நன்று. களிக்குக் கொள்ளுக்கடைசலோ அவரைக்குழம்போ இருந்தால், தானியத்தில் குறைவதைப் பயறு நிறைவு செய்யும். இதற்கெல்லாம் தனிச் செலவில்லை. மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பச்சிலையின் பெயர் ஒன்றும் சொல்லாமல், முன் உண்டது அற்றபின் அளவறிந்து உண்பது பற்றியே பெரிதும் பேசியிருக்கிறார் என்பதை நினைவூட்டி, மேலே செல்வோம்.

அந்தப் பத்து ரூபாய்ப் பொட்டலம் இருக்கிறதே, அதற்கு வருவோம். பாதி காற்று; மீதியில் உப்பும் கொழுப்பும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. விதி தாளில் இருக்கிறது. பொட்டலம் வாயிலில் தொங்குகிறது. அதிகாரிக்கு எழுதிவிடலாம் என்றனர் உடன் பணியாற்றுவோர். நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டிக்கடையின் உரிமையாளர் கணவரை இழந்தவர். அந்தத் தகரக் கொட்டகையே அவருடைய நிலமும் நீச்சும். பொட்டலம் செய்து கோடி குவிப்பவனை விட்டுவிட்டு, அதை விற்று நாளுக்கு நூறோ இருநூறோ காண்பவரைப் பிடிப்பதா? சென்று பேசினோம். அவித்த நிலக்கடலை, கொய்யா, சுண்டல் விற்றால் என்ன என்றோம். “விக்காம மிஞ்சினா நீங்க வாங்கிக்குவீங்களா?” என்றார். நேரான கேள்வி! வாங்கிக்கொள்கிறோம் என்று வாக்களித்தோம். கடலையும் கொய்யாவும் விற்றன. சுண்டல் முதல் வாரம் இரண்டு நாள் மிஞ்சியது. ஆசிரியர் அறையில் அன்று எல்லாருக்கும் சுண்டல். பொட்டலங்கள் முற்றும் மறைந்துவிட்டன என்று சொன்னால் பொய். சரம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

ஆனால் கேலிக்கு என்ன மருந்து? “களி நல்லது, கூழ் நல்லது” என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வர். தேர்வில் மதிப்பெண் பெறுவர். வீட்டில் பொட்டலம் தின்பர். பிள்ளை நம் சொல்லைப் பார்ப்பதில்லை, நம் கிண்ணத்தைப் பார்க்கிறது. ஆகவே, நண்பகலில் ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் உண்பதை விட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளின் வரிசையில் அமர்ந்தோம். வீட்டிலிருந்து கொண்டு சென்ற கிண்ணத்தைத் திறந்தோம். களி, கீரைக்கடைசல். ஏழாம் வகுப்பு வாயடைத்துப் பார்த்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் பின்னர் தனியே அழைத்து, “வாத்தியாரே களி தின்னா பிள்ளைங்க மதிக்குமாம்மா?” என்று பரிவோடு கேட்டார். அவர் நல்லவர், அவருடைய தாயும் களி கிண்டி வளர்த்தவர்தாம். மறுமொழி சொல்லவில்லை, மறுநாளும் களியே கொண்டு சென்றோம். மூன்றாம் நாள் ஒருத்தி அருகில் வந்து, “எங்க வீட்டுக் கடைசல் இதவிட நல்லா இருக்கும் மிஸ்” என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு நமக்கு வேண்டியதில்லை. கொண்டு வா, பார்க்கலாம் என்றோம். கொண்டு வந்தாள். உண்மைதான், நன்றாகவே இருந்தது.

தாழ்வாரத்தில் அமர்ந்தபின்தான் மற்றொன்று கண்ணில் பட்டது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படும் காய். பாதியில் எழுந்து கொட்டப்படும் சோறு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட உணவு வீணாயிற்று என்றும், அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. பெருவணிகனும் விடுதிக்காரனும் எறிவதைவிட, வீட்டில் நாம் எறிவது மிகுதி! எறிந்த சோறு குப்பைமேட்டில் அழுகி மீத்தேனாய் எழுகிறது. அதனை விளைவித்த நீரும் உழைப்பும் அதனோடு போகின்றன. பள்ளிச் சமையலரிடம் பேசினோம். காலை முதல் புகையில் நின்று நூற்றுக்கணக்கான வயிற்றுக்குப் பொங்கிப் போட்டுச் சொற்ப ஊதியம் பெறுபவர். அவரே வழி சொன்னார்: “முதல்ல பாதி கரண்டி போடறேன். வேணும்னா மறுபடி வரட்டும். ரெண்டாவது தடவ கேக்கறதுக்குப் பிள்ளைங்க வெக்கப்படாம இருக்கணும், அத நீங்க பாத்துக்குங்க.” சிறியது, ஆனால் சரியான வழி. இரண்டாம் முறை கேட்பது பேராசையன்று என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். சொல்லிவிட்டு நாமே தட்டேந்திச் சென்று இரண்டாம் முறை சாம்பார் கேட்டோம். மாத இறுதியில் கழிவு வாளி பாதியாகக் குறைந்தது. கை கழுவும் நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பினோம். ஆறு பப்பாளியும் நான்கு முருங்கையும் பாத்திக் கீரையும் வளர்ந்தன. ஒரு பப்பாளியை ஆடு தின்றது. அதைப் பற்றி வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாம் நண்பகலுக்கு ஆயிற்று. காலைக்கு? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் 41 பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பெற்றோர் முன் கணக்கை வைத்தோம். தலைக்கு 40 கிராம் கேழ்வரகு மாவு என்றால் நாளொன்றுக்கு 1,640 கிராம். மாதத்தில் 22 பள்ளி நாள் என்றால் 36 கிலோ. வீட்டுக்கு ஒரு கிலோ கொடுத்தால் போதும். நியாயவிலைக் கடையில் கிடைப்பதிலேயே பாதி. மோர் ஊரில் உண்டு; சின்ன வெங்காயம் தோட்டத்துக்காரர் இருவர் தர ஒப்பினர். தானியத்துக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சுவது யார் என்ற இடத்தில்தான் கூட்டம் நின்றது. “சமையல் அம்மா இருக்காங்களே, கூடக் கொஞ்சம் காய்ச்சட்டும்” என்றனர் ஆடவர் சிலர். கூடக் கொஞ்சம்! ஊதியமில்லாமல் கூடக் கொஞ்சம் உழைக்கப் பிறந்தவர்களோ பெண்கள்? ஒவ்வாது என்றோம். “அப்ப அம்மாமாருங்க முறை வெச்சுக்கட்டும்” என்றனர். ஆறு மணிக்கு வண்டி ஏறுபவர்கள் எப்படி முறை வைத்துக்கொள்வார்கள்? மயங்கி விழுந்த பெண்ணின் தாய் அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எழுந்து நின்று, “அப்பனுங்க எல்லாம் எட்டு மணி வரைக்கும் டீக்கடையிலதான இருக்கறாங்க?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர், “நான் காய்ச்சறேன், மூணு நாளு நான், மீதி நாளு இவன்” என்று பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார்.

முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. மாவை வெந்நீரில் கொட்டினால் கட்டி விழும், தண்ணீரில் கரைத்து ஊற்றவேண்டும் என்று சமையலர் தள்ளி நின்றே சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாள் உப்பு மிகுந்தது. பிள்ளைகள் முகஞ்சுளித்தனர், ஆனால் குடித்தனர். அந்தப் பெண் தன் குவளையை எடுத்துக்கொண்டு தம்பிக்கு எதிரே சென்று அமர்ந்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து கஞ்சிக்குக் கறிவேப்பிலைத் துவையல் சேர்க்கலாமா என்று அந்த இரு தந்தையரும் தம்முள் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். அம்மியில் அரைக்கவேண்டும் என்கிறார் ஒருவர். மிக்சி போதும் என்கிறார் மற்றவர்.